ஒரு சாண் கூடுதல்

அத்தியாயம் 9

வேலைக்கான கடிதம் வந்ததையும், அதைப் படித்த மகள் நேராகப் போய் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டதையும், அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்ததையும் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சாவியைப் பற்றிப் பேசவில்லை. நான்கு நாளாக மழை மட்டும் விடவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, எட்டரை மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். பெட்டியைக் கூடம் கொடுக்கும். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். மழை அவரவர் பொறுப்பு. திங்கட்கிழமை ஆறு மணிக்குச் சேர வேண்டும், இன்று சனிக்கிழமை.

நடையில் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கிற அந்த ஸ்கூட்டர் அவளுடைய அப்பாவுடையது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மழையில், ஒரு வளைவில், அதிலிருந்து விழுந்துதான் போனார். நாய் ஒன்று குறுக்கே வந்தது என்பது குடும்பத்தின் அதிகாரபூர்வமான வரலாறு.

வரலாற்றாசிரியர், இறந்தவரின் அண்ணன்.

ஆவணக் காப்பகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்தின் துணைத் தலைவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் தீர்மானம், கழுவியதற்கு நன்றி சொல்லவும் தீர்மானம் என்று போடுகிறவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தீர்மானம்' என்றே பெயர். அந்த நாய், முதல் வருஷம் வெறும் நாயாக இருந்தது. இரண்டாம் வருஷம் கறுப்பு நாயானது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவர் சொன்னபோது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, ஒரு காதும் அறுந்திருந்தது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தையற்காரியான அம்மா மட்டும் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

அவளுக்குத் தன் வீட்டில் ஒரு சத்தம் ஆகாது. பிளாஸ்டிக் காற்றில் படபடக்கும் சத்தம். குளியலறைத் திரையைக் கழற்றிவிட்டாள். மிஷின் உறையை நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அடுத்த வீட்டு மாடியில் யாராவது தார்ப்பாய் விரித்தால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. அதன் கீழே தரையில், சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து வெளுத்த இடம். மூன்று வருஷமாக அந்தக் கொக்கியில் எதுவும் தொங்கவில்லை. ஆனாலும் மழை பெய்தால் துணியை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். காய்ந்த தரையைத் துடைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

"பாப்பா, மேஜையை ஒழிச்சு வை. மின்விசிறி வேணும். உட்கார ஒரு ஸ்டூல். முக்கியமா, எல்லாரும் இருக்கணும்."

எல்லாரும் என்றால் இரண்டு பேர்தான். தீர்மானம் குடையை மடக்கி, செருப்பைத் துடைத்து, தோள்பையிலிருந்து ஆறு பக்கம் தட்டச்சு செய்த அறிக்கை ஒன்றை எடுத்தார். மேலே தடித்த எழுத்தில், 'மழைக்கால இருசக்கர வாகனப் பயண உடைகள்: ஒரு பரிந்துரை.' கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

"பெரியப்பா, ஒரு ரெயின்கோட் வாங்கறதுக்கு ஆறு பக்கமா?"

"பிற்சேர்க்கை தனி" என்றார். "பிரிவு ஒன்று, நிறம். மஞ்சள் நிறத்தை மனிதக் கண் முதல்ல பார்க்குது. பிரிவு இரண்டு, தையல் விளிம்பு. உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கான்னு திருப்பிப் பார்க்கணும். ஒட்டலைன்னா ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குழாய். என்னம்மா, தையற்காரி, சரிதானே?"

"சரிதான் அத்தான்" என்றாள் அவள், கதவோரத்தில் நின்றபடி. கையில் துணியில் குறி போடும் சாக்குக் கட்டி.

"நீங்க வண்டி ஓட்டியிருக்கீங்களா பெரியப்பா?"

"ஓட்டறது வேற, அறிவு வேற."

அடுத்தது செயல்விளக்கம். காவலாளியிடம் இரவல் வாங்கி வந்த மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு சோபாவின் கைப்பிடி மேல் குதிரை ஏறினார். எதிரே மின்விசிறி, மூன்றாம் வேகத்தில். துணி தேய்க்கத் தண்ணீர் தெளிக்கும் புட்டியைக் கையில் கொடுத்து, "அடி, பாப்பா. இது மிதமான மழை" என்றார். மகள் அடித்தாள். கொஞ்சம் ஆசையாகவே அடித்தாள்.

"கன மழை!"

அவள் மூக்குக்கு நேராக அடித்தாள். தீர்மானம் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத பிரேக்கைப் பிடித்தார். தலைமறைப்பில் காற்று புகுந்து பூசணிக்காய் மாதிரி உப்பியது. பொத்தான் போடாத முன்பக்கம் விரிந்து, பின்னால் பறந்து, படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கித் திரும்பினால், கதவோரத்தில் அம்மா இல்லை. மின்விசிறியின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. சமையலறைக் குழாய் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போச்சா?" என்றார் தீர்மானம், கண்ணைத் திறக்காமலே.

தலையைத் துவட்டிக்கொண்டு மீதியைப் படித்தார். காலணிக்கு ஒன்றரைப் பக்கம். கையுறைக்கு முக்கால் பக்கம். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிவதற்கு ஒரு வரைபடம். நான்காவது பிரிவு மட்டும் ஒரே வரி: 'தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியான நீளக் கோட்டு பரிசீலிக்கத் தக்கதல்ல.'

"அதுதானே எனக்கு வேணும்" என்றாள் மகள். "அப்பா அதுதானே வச்சிருந்தார்? என்னையும் மூடும், மடியில இருக்கற பெட்டியையும் மூடும். ரெண்டு நிமிஷத்துல மாட்டலாம், கழட்டலாம். நான் ஒரு காலையில பத்து வீடு ஏறி இறங்கணும் பெரியப்பா. ஏன் தக்கதல்ல?"

"தக்கதல்லன்னா தக்கதல்ல."

"காரணம்?"

எதற்கும் மூன்று காரணமும் ஒரு மேற்கோளும் வைத்திருக்கும் மனிதர், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "மழை கூடறதுக்குள்ள கடைக்குப் போயிடலாம்" என்றார்.

சமையலறையில் குழாய் நின்றது. காரணம் சொல்லாத அந்த ஒரு வரி, தையற்காரியின் நெஞ்சில் ஊசி முறிந்து நின்றதுபோல் நின்றது. இவருக்கு எப்படித் தெரியும்?

கடை தெருமுனையில்தான். மூன்று பேரும் நடந்தே போனார்கள். உள்ளே இரண்டு வரிசையாகக் கோட்டுகள் தொங்கின. தலை இல்லை, கால் இல்லை, தோள் மட்டும் இருந்தது. கதவு திறந்த காற்றில் எல்லாம் ஒரே சமயத்தில் லேசாகத் திரும்பின. தையற்காரி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கம்மா, நனையாதீங்க" என்றார் கடைக்காரர். "நம்மகிட்ட இல்லாத ஐட்டமே இல்லை. இது நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப். அது இருநூறு சதவீதம்."

"அது எப்படி இருநூறு?" என்றார் தீர்மானம். தன் வாதத்துக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"ரெண்டு லேயர் சார்."

அவர்கள் இருவரும் அறிவியலில் இறங்கிய நேரத்தில் மகள் வரிசைக்குள் புகுந்து ஒரு கோட்டை உருவினாள். சாம்பல் நிறம். தலைவழியாக மாட்டிக்கொண்டு, தலைமறைப்பை இழுத்துவிட்டு, கண்ணாடி பக்கம் திரும்பினாள்.

அம்மாவுக்கு முதுகுதான் தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். கிளம்பும்போது நிற்பாரே, ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்து, சாவி எந்தப் பையில் என்று தடவிக்கொண்டு, அப்படி. இப்போது திரும்புவார். திரும்பி, வரேன் என்பார்.

திரும்பியது மகள். "நல்லா இருக்கில்ல? அப்பா கோட்டே மாதிரி." கைகளை முன்னால் நீட்டி, வண்டி ஓட்டுகிற மாதிரி முட்டியை மடக்கிப் பார்த்தாள். "ஒண்ணுதான். முட்டிக்குக் கீழ நனையும்போல. பரவாயில்லை. அம்மா, நீ அடியில ஒரு சாண் துணி சேர்த்துத் தச்சுக் குடுத்திடேன். உனக்குக் கால் மணி நேர வேலை."

"கழட்டு" என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"கழட்டுடி."

கடைக்காரர் இருநூறு சதவீதத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினார். தீர்மானம் அவசரமாகக் குறுக்கே வந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, நாலாவது பிரிவுல தெளிவா..."

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க."

இருபத்துநான்கு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் சும்மா இருந்தார். அதுவும் இருபத்துநான்கு வருஷத்தில் முதல் தடவை.

சொல்லாமல் விட்டால் இன்றோடு முடிந்துவிடும். மஞ்சள் நிறம், பட்டை, பெட்டிக்குத் தனி உறை என்று ஏதாவது பேசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் மழைக்காலம் இன்றோடு முடியாது. இந்தப் பெண் பிடிவாதக்காரி. அம்மா தைக்காவிட்டால் தெருவில் நூறு மிஷின் இருக்கிறது. சொன்னால், இவள் இனி அம்மா என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரியாது.

ஹெல்மெட் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"உங்க அப்பாவுக்கும் தச்சுக் குடுத்தேன். ஒரு சாண்."

"எப்போ?"

"அன்னிக்குக் காலையில. லிஃப்ட் பார்க்கப் போற இடத்துல பேண்ட் சொட்டச் சொட்ட நிக்கறேன், வாசல்லயே நிறுத்தி வச்சுடறாங்கன்னு முந்தின நாள் சொல்லிச் சிரிச்சார். தச்சுத் தான்னு அவர் கேட்கலை. நானாத்தான் செஞ்சேன். அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பழைய குடைத் துணியைக் கிழிச்சு, சுருக்கு வச்சு, தச்சு மாட்டிட்டேன். போட்டுப் பார்த்துட்டு, ராஜா மாதிரி இருக்கேன்னார்."

மகள் தலைமறைப்பைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நாய் வரலை" என்றாள் அம்மா. "கோட்டு பறந்து பின் சக்கரத்துல மாட்டுச்சு. என் தையல்தான் அவரைப் பிடிச்சு இழுத்துச்சு."

"நாய் வந்தது!" தீர்மானத்தின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நானே நேர்ல போய் விசாரிச்சேன். கறுப்பு நாய். ஒரு காது..."

"அத்தான், வண்டி ஒர்க்ஷாப்ல இருந்து வந்ததும் நான்தான் கழுவினேன். சக்கரத்து அச்சுல நூல் சுத்தியிருந்தது. நீல நூல். சாம்பல் நூல்கண்டு தீர்ந்துபோச்சு, அடியில யார் பார்க்கப்போறான்னு நீலத்துல தச்சேன். ஊரே நாய்னு சொல்லுது. நானும் நாய்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தீர்மானம் வாயைத் திறந்தார். அந்தக் காதை மறுபடி ஒட்டிவிடலாமா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை. "அது வந்து... கம்பெனி சைடுல அந்த மாதிரி கம்ப்ளெய்ன்ட் எதுவும் வந்ததில்லைங்க" என்றார்.

மகள் கோட்டைத் தலைவழியாகக் கழற்றினாள். மெதுவாக, எங்கும் சிக்காமல். மடித்தாள். ஒரு மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தாள்.

"மூணு வருஷமா" என்றாள், கோட்டைப் பார்த்துக்கொண்டே. "தெருவுல கறுப்பு நாய் எதைப் பார்த்தாலும் கல்லை எடுத்திருக்கேன். நம்ம தெருமுனையில படுத்திருக்குமே, நொண்டி நாய். அது நொண்டினது என் கல்லுல."

"பாப்பா..." என்றார் தீர்மானம்.

"ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசாதீங்க."

மடித்த கோட்டைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "சட்டையும் பேண்டும் தனித்தனியா இருக்கறதைக் காட்டுங்க. மஞ்சள்."

காட்டினார். அவள் உள்பக்கத்தைத் திருப்பி, தையல் மேல் பட்டை ஓடுகிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு கையை முன்னால் நீட்டி மணிக்கட்டு ஏறுகிறதா என்று பார்த்தாள். குத்துக்காலிட்டு எழுந்தாள். கழுத்துப் பட்டையை ஒட்டி, பிரித்து, ஒட்டினாள். ஆறு பக்க அறிக்கையில் இருந்த அத்தனையையும் அறிக்கையே இல்லாமல் பார்த்து முடித்தாள். பெட்டிக்குத் தனியாக ஓர் உறை எடுத்தாள். நாடா தொங்காத, கிளிப் போட்டு இறுக்குகிற உறை.

பேண்டின் கால் மட்டும் குதிகாலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது.

"ரெண்டு விரல் நீளம்" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நீங்க தொடாதீங்க" என்றாள் அவரிடம். பிறகு, இன்னும் திரும்பாமல், "அம்மா, நாளைக்குள்ள குறைச்சு வை. மடிச்சுத் தைக்காத. வெட்டிட்டுத் தை."

"நானா?"

"வேற யாரு?"

அவ்வளவுதான். அந்த 'அம்மா'வில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தையற்காரி பிறகுதான் யோசித்துப் பார்க்க வேண்டும். மகள் பேண்டைச் சுருட்டி விட்டுக்கொண்டு, மஞ்சள் சட்டையோடு மழையில் இறங்கி, வீட்டைப் பார்த்து வேகமாக நடந்துவிட்டாள். தெருமுனையில் நொண்டி நாய் எழுந்து ஒதுங்கியது. அவள் நின்றாள். நாய் இன்னும் தள்ளிப் போனது. அவள் கொஞ்ச நேரம் வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, நடந்தாள்.

கடையின் தகரக் கூரைக்கடியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

"முதல்ல போனது நான்தானேம்மா. கோட்டைச் சக்கரத்துலருந்து அறுத்து எடுத்ததே நான்தான்." அவருடைய குரலில் உப தலைப்புகள் எதுவும் இல்லை. "உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரியவே கூடாதுன்னு நினைச்சேன்."

"அதுக்காக மூணு வருஷம் ஒரு நாயை வளர்த்தீங்களாக்கும்." அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அழுகை அதைப் பாதியில் பிடித்துக்கொண்டது. "உங்க தம்பி இருந்திருந்தா, என்ன அண்ணே, கதை விடறியான்னு கேட்டிருப்பார்."

"கதை நான் விடலைம்மா. நிறமும் காதும்தான் நான் போட்டது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம்தான் ஏறியது. "நாய் குறுக்கே வந்துச்சுன்னு அவகிட்ட சொல்லிடுண்ணேன்னு சொன்னது அவன்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

"அவருக்கு நினைவே திரும்பலைன்னு சொன்னீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில, வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கண்ணே திறக்கலைன்னு சொன்னீங்க அத்தான்."

"ஒரு தடவை திறந்தான். ரெண்டாம் நாள் காலையில. நீ முகம் கழுவப் போயிருந்தே. வந்ததும் உன்னைக் கூப்பிட்டிருக்கணும். ஆனா அவன் முதல்ல கேட்டதே, அவ கோட்டைப் பார்த்தாளான்னுதான். அதை எரிச்சுடுன்னான்."

"எரிச்சீங்களா?"

முப்பத்திரண்டு வருஷம் எதையும் தூக்கிப் போடாமல் கோப்புக் கட்டிய மனிதர், தரையைப் பார்த்தார்.

"பீரோவுல இருக்கு."

அவள் தலையை அசைத்துக்கொண்டாள். எத்தனையோ மழைக்கு, அவள் காய்ந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு பீரோவுக்குள் அது மடிந்து கிடந்திருக்கிறது. அவள் தையலோடு, அவர் உடம்பு வாசனையோடு.

"அவன் இன்னொண்ணும் சொன்னான்மா" என்றார் தீர்மானம். "உனக்குன்னு சொன்னான். நான்தான் இத்தனை நாள்..."

"இங்க வேண்டாம்." அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். குடையை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவர் வீடு இருக்கிற பக்கம் மழையில் இறங்கினாள். "முதல்ல கோட்டை எடுத்து என் கையில குடுங்க. அப்புறம் சொல்லுங்க."